மூன்று பக்கமும் ஒரே தாளில்

ஓசூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ போனில் அழுததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. உனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, ஆனால் வாய் வரவில்லை. "லெட்டரா எழுதிப் போடுங்க, பாப்பா நாலு தடவை எடுத்துப் படிக்கும்" என்றாள் உன் அத்தை. அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் படத்தைப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் ஒருவர், "இது பால் க்ளே. இதில் ஓசூர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார் என்றாய். கிழித்துப் போடப் போகிறேன் என்றாய். கிழிக்காதே கண்ணு. நான் சொல்வதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்.

நீ அனுப்பிய போட்டோவை லேப்டாப்பில் போட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எந்த இடம் என்று எனக்குத் தெரியும். சந்திரசூடேசுவரர் மலையில் கோயில் மதிலை ஒட்டி நின்று பார்க்கும் இடம். நீ எட்டாவது படிக்கும்போது பிரதோஷத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாமி கும்பிட்டதும் நீ நேராக அந்த மூலைக்குப் போய் நின்றுகொண்டாய். கீழே ஊர் இருட்டிக்கொண்டு வந்தது. லேஅவுட் வீடுகள் கட்டம் கட்டமாக, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கறுப்புத் தண்ணீர் டேங்க். சிப்காட் பக்கம் ரம்பப் பல் போலக் கம்பெனி ஷெட்டின் கூரைகள். தூரத்தில் பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்து பாலி ஹவுஸ்கள், வெயில் போன பிறகும் வெள்ளை வெள்ளையாக. "மாமா, ஊரு தாயக்கட்டம் மாதிரி இருக்கு" என்று நீ சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அப்போது உனக்கு க்ளே என்ற ஓவியர் பேர்கூடத் தெரியாது.

அந்தக் கட்டங்கள் க்ளேயுடையவை அல்ல. அவை ஓசூரிலேயே இருக்கின்றன.

நான் ஐடிஐயில் சேர்ந்த முதல் மாதம் எங்கள் வாத்தியார் ஒரு மரக்கட்டையை மேஜைமேல் வைத்து, "இதை வரைங்கடா" என்றார். எல்லாரும் கண்ணுக்குத் தெரிந்த மாதிரி சாய்வாக வரைந்தோம். "அழகா இருக்கு, ஆனா இதை வச்சு ஒருத்தனும் இந்தக் கட்டையைச் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டு, போர்டில் முன்பக்கத்தை வரைந்தார். அதற்குக் கீழே மேலிருந்து பார்த்தால் தெரிவதை வரைந்தார். அதற்கு வலப்பக்கம் இடதுபுறத் தோற்றம். ஃபர்ஸ்ட் ஆங்கிள் ப்ரொஜெக்‌ஷன் என்று நீயும் கேள்விப்பட்டிருப்பாய், சின்ன வயசில் என் டிராயிங் ஷீட்டுகளின் பின்பக்கத்தில்தானே நீ கிறுக்கிப் பழகினாய். ஒரு மனிதன் ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் நின்று பார்க்க முடியாது. ஆனால் ஒரு பொருளின் உண்மை தெரிய வேண்டுமானால் மூன்று பக்கமும் ஒரே தாளில் வந்தாக வேண்டும். பிக்காசோவும் ப்ராக்கும் பாரிஸில் ஒரு கிடாரையும் ஒரு புட்டியையும் வைத்துக்கொண்டு செய்ததை, பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் பார்த்தபோது எனக்கு அது புதிராகத் தெரியவில்லை. எங்கள் டூல் ரூமில் தினமும் பார்க்கிற விஷயம், இதற்கு கியூபிசம் என்று பேரா என்று நினைத்தேன்.

க்ளே எனக்குப் பழக்கமானது உன்னால் அல்ல, ஒரு லேத்தால். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஸ்லைடிங் ஹெட் லேத் ட்ரெய்னிங்குக்காக மூன்று வாரம் என்னை சுவிட்சர்லாந்து அனுப்பினார்கள். கடிகாரத்துக்குத் திருகு கடைய அந்த நாட்டில் பிறந்த மெஷின் அது. 'சுவிஸ் டைப்' என்றுதான் நாங்கள் சொல்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவில் கூட வந்தவர்கள் மலைக்குப் போனார்கள். நான் ரயில் ஏறி பெர்ன் போனேன். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரம் மூன்று அலை எழுந்த மாதிரி ஒரு கட்டடம், இரும்பும் கண்ணாடியும். ரென்சோ பியானோ வடிவமைத்து 2005-ல் திறந்த பால் க்ளே மையம். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த இரும்பு வளைவுகள்தான். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை, ஒவ்வொன்றும் வேறு வளைவு. அதைச் செய்தவனின் கையை நினைத்துக்கொண்டேதான் உள்ளே போனேன். க்ளேயின் 4,000 படங்கள் அளவுக்கு அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

படங்கள் எல்லாம் கையகலம்தான். பக்கத்தில் போய் நின்றால்தான் ஏதாவது தெரியும். எல்லாவற்றுக்கும் கீழே அவர் கையாலேயே வருஷமும் ஒரு எண்ணும். விசாரித்தேன். 1911-லிருந்து தன் படங்களுக்கு அவரே ஒரு பதிவேடு வைத்திருந்தாராம். சின்ன வயசில் போட்டதையும் பின்னால் அதில் சேர்த்தார். வாழ்நாளில் 9,000-க்கு மேல். ஜாப் நம்பர் போடாமல் எங்கள் டூல் ரூமிலிருந்து ஒரு பஞ்ச்கூட வெளியே போகாது. கனவு மாதிரிப் படம் போடுகிற மனிதர் கணக்கில் அவ்வளவு கறாராக இருந்தது எனக்குப் பிடித்துப்போனது.

அவர் வரையும் முறை ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். நீ செய்து பார்க்கலாம். ஒரு தாள் முழுக்கக் கறுப்பு ஆயில் பெயிண்ட் பூசிக்கொள்வார். அது கொஞ்சம் காய்ந்ததும், பூசிய பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத் தாள்மேல் வைப்பார். அதற்கு மேலே ஏற்கெனவே வரைந்த கோட்டுப்படம். ஊசியால் அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டுவார். அடியில் இருக்கும் தாளில் கோடு இறங்கும். பில் புக்கில் கார்பன் வைப்போமே, அதே வேலை. ஆனால் உள்ளங்கை எங்கே அழுந்தியதோ அங்கெல்லாம் கறுப்பு தீற்றிக்கொள்ளும். அதை அவர் துடைக்க மாட்டார். அதன்மேல் நீர்வண்ணம் பூசுவார். கீச்சிடும் இயந்திரம் என்று 1922-ல் போட்ட படம் அப்படிப் பிறந்ததுதான். ஒரு கம்பிமேல் நாலு பறவை, கம்பியின் ஒரு முனையில் கைப்பிடி, சுற்றினால் பறவைகள் கத்தும் போல. முதலில் சிரிப்பு வரும், கொஞ்ச நேரம் பார்த்தால் பயம் வரும். அந்தக் கோட்டின் நடுக்கமும் ஓரத்து அழுக்கும் இல்லாவிட்டால் அந்தப் பயம் வராது. உன் படத்தில் கோடுகள் ரொம்பச் சுத்தமாக இருக்கின்றன. அதை யோசி.

அவரைப் பற்றி உன் வகுப்பில் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கும் ஒரு விஷயம். 1879-ல் பெர்ன் பக்கத்தில் பிறந்தார். அம்மா சுவிஸ்காரி, பாட்டுக் கற்றவர். அப்பா ஜெர்மானியர், மியூசிக் வாத்தியார். பிள்ளைக்கு அப்பாவின் நாட்டுக் குடியுரிமைதான் வந்தது. கல்யாணமான புதிதில் மனைவி லில்லி பியானோ சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்தார். இவர் வீட்டில் சமைத்துப் பையனை வளர்த்தார். சமையலறை மேஜைதான் ஸ்டூடியோ. 1914 ஏப்ரலில் இரண்டு நண்பர்களோடு துனீசியா போனார், இரண்டு வாரம்கூட இல்லை. அங்கே வெள்ளை வீடுகளையும் அந்த வெயிலையும் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் வண்ணம் அவருக்குக் கைவந்தது. கட்டங்கள் அங்கேதான் பிறந்தன. கியூபிசத்தின் ஒடிந்த கோடுகளைப் பாரிஸில் அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார், ஆனால் அதில் என்ன நிரப்புவது என்பதை ஒரு அரபு ஊர் அவருக்குக் காட்டியது. முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தில் இழுத்துப் போட்டார்கள். விமானத் தளத்தில் விமானங்களுக்குப் பெயிண்ட் அடித்தார். அப்புறம் பத்து வருஷம் ஜெர்மனியில் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் ஆசிரியர். 1933-ல் நாஜிகள் வந்து ட்யூசல்டார்ஃப் அகாடமி வேலையைப் பறித்தார்கள். வளர்ந்த பெர்னுக்கே திரும்பினார். 1937-ல் ஹிட்லர் ஆட்சி 'சீரழிந்த கலை' என்று கண்காட்சி வைத்து இழிவுபடுத்தியபோது அதில் இவருடைய படங்கள் 17. தோல் இறுகிப்போகும் நோய் 1935-லேயே வந்துவிட்டது. விரல் மடங்காது, சாப்பாடு இறங்காது. அந்த நிலையில் 1939 ஒரே வருஷத்தில் பதிவேட்டில் ஏறிய எண்ணிக்கை 1,253. கோடுகள் தடித்துப்போயின, விரல் அவ்வளவுதான் கேட்டது. தடித்த கோட்டையே வைத்துக்கொண்டு தேவதைகளை வரைந்தார்.

சுவிஸ் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். அது கைக்கு வருவதற்கு முன் 1940 ஜூன் 29-ல் செத்துப்போனார். உலகம் முழுக்க இன்று அவரை சுவிஸ் ஓவியர் என்கிறது. அவர் உயிரோடிருந்த வரை சுவிட்சர்லாந்து அவரைத் தன் ஆள் என்று சொல்லவில்லை. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டிலிருந்து சில கிலோமீட்டரில் வாழ்கிற நமக்கு இது புரியும். உன் அத்தை வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், நம் வீட்டில் தமிழ். கடை போர்டில் மூன்று எழுத்தும் இருக்கும். எது யாருடையது என்று கேட்டால் இந்த ஊரில் ஒரு தெருகூட மிஞ்சாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உன்னைக் கேட்டவர் கேட்ட கேள்வி புதிது இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் நம் நாட்டிலேயே படம் போட்ட ஒரு பெரிய மனிதரின் படங்களைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்டார்கள். நாம் இரண்டு பேரும் பெங்களூர் அரண்மனை ரோட்டில் மாணிக்கவேலு மாளிகைக்குப் போனோமே, தேசிய நவீனக் கலைக்கூடம். அங்கே ஒரு சின்னப் படத்தின் முன்னால் நீ நகராமல் நின்றாய். ககனேந்திரநாத் தாகூர்.

1867-ல் கல்கத்தா ஜொராசாங்கோ வீட்டில் பிறந்தவர். ரவீந்திரநாத் அவருக்குச் சித்தப்பா முறை. அவனீந்திரநாத் தம்பி. ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர் இல்லை. மூத்த மகன் இறந்த துக்கத்தில் தோய்ந்து கிடந்தவர் தூரிகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஜப்பானிலிருந்து வந்த ஓவியர்கள் அந்த வீட்டில் தங்கி வேலை செய்ததைப் பார்த்து, மையைக் கரைத்து ஒரே வீச்சில் காக்கையை வரையக் கற்றார். சித்தப்பாவின் சுயசரிதைக்குப் படம் போட்டார். பாபுக்களையும் போலிச் சாமியார்களையும் கிழித்துக் கேலிச்சித்திரம் போட்டு லித்தோவில் அச்சடித்தார். இதெல்லாம் செய்து முடித்து ஐம்பதைத் தாண்டிய பிறகு, 1920-களின் தொடக்கத்தில் திடீரென்று அவர் படங்களில் வீடு ஒடிய ஆரம்பித்தது. படிக்கட்டு, வளைவு வாசல், பாதி திறந்த கதவு, எங்கிருந்தோ சாய்ந்து விழும் வெளிச்சம். எல்லாம் கண்ணாடிச் சில்லுகளாக நொறுங்கி, நொறுங்கிய இடத்திலேயே நிற்கின்றன. நடுவில் முக்காடிட்ட ஒரு சின்ன உருவம். பாரிஸ் கிடார் மேஜைமேல் பகல் வெளிச்சத்தில் இருக்கும். இவருடைய வீட்டில் எப்போதும் ராத்திரி. ரவீந்திரநாத்தின் நாடகங்களுக்கு மேடை அமைத்த கை அது, விளக்கு எங்கே விழ வேண்டும் என்று தெரிந்த கை. கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1922-ல் அவரைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு 'ஓர் இந்திய கியூபிஸ்ட்' என்றுதான் தலைப்பு வைத்தார்.

அதே கிராம்ரிஷ் முயற்சி எடுத்து, அதே 1922 டிசம்பரில், பௌஹவுஸ் ஓவியர்களின் படங்கள் கப்பலேறிக் கல்கத்தா வந்தன. இந்தியக் கீழைக்கலைச் சங்கத்தின் கண்காட்சி. கான்டின்ஸ்கி, இட்டன், ஃபைனிங்கர், கூடவே க்ளேயின் நீர்வண்ணங்கள். அதே கண்காட்சியில் ககனேந்திரரின் கியூபிச வீடுகளும். க்ளேக்கு அப்போது 43, ககனேந்திரருக்கு 55. க்ளே இந்தியா வந்ததில்லை. ஆனால் அவர் படமும் இவர் படமும் ஒரே கூரையின் கீழ் தொங்கின. அந்தக் கூடத்தை நான் எத்தனையோ தடவை மனசில் கட்டிப் பார்த்திருக்கிறேன். குளிர்கால மாலை, வேட்டி சால்வையோடு ஜனங்கள், சுவரில் துனிஸ் வெயிலில் முளைத்த கட்டங்கள், இன்னொரு சுவரில் ஜொராசாங்கோ படிக்கட்டு. எது மூலம், எது நகல் என்று அன்று அங்கே நின்றவன் கேட்டிருப்பானா?

பின்னால் கேட்டார்கள். டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் 1959-ல் எழுதிய நூலில் ககனேந்திரரின் கியூபிசம் கவைக்குதவாத இரவல் சரக்கு என்ற மாதிரி தள்ளிவிட்டார். அதற்குப் பதில் சொல்ல ககனேந்திரர் இல்லை. 1930-ல் பக்கவாதம் வந்து கையும் பேச்சும் ஒன்றாகப் போய், எட்டு வருஷம் அப்படியே இருந்து 1938-ல் இறந்துவிட்டார். வெகுகாலம் கழித்து பார்த்தா மித்தர் என்ற வரலாற்றாசிரியர்தான் அந்தக் கணக்கைத் திருப்பிக் கேட்டார். ஆப்பிரிக்க முகமூடியைப் பார்த்து பிக்காசோ எடுத்துக்கொண்டால் அது மேதைமை, பிக்காசோவைப் பார்த்து இந்தியன் எடுத்துக்கொண்டால் அது காப்பியா என்று. எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. ஆர்ச்சர் தப்பு. அவர் கோட்டைப் பார்த்தார், கோட்டுக்குள் இருந்த வீட்டைப் பார்க்கவில்லை. நம் ஊரில் சுவிஸ் லேத்தில் என்னென்னவோ கடைகிறோம், சுவிட்சர்லாந்து கனவிலும் நினைக்காத பாகமெல்லாம். அந்தப் பாகத்தை எடுத்துப் பார்த்து இது சுவிஸ் சரக்கு என்று ஒருவரும் சொன்னதில்லை.

இவ்வளவு தூரம் போவானேன், சென்னையில் உன் ஓவியக் கல்லூரியிலேயே படித்தவர் ஓவியர் ராமானுஜம். அங்கே முதல்வராக இருந்த பணிக்கர் கைப்பிடித்துக் கூட்டிவந்த பிள்ளை. 1966-ல் ஆரம்பித்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் இருந்துகொண்டு, பேனா மையில் மயிரிழைக் கோடுகளாகப் போட்டுப் போட்டு, இல்லாத ஊர்களைக் கட்டினார். மாடம், கோபுரம், பாம்பு, நடுவில் தொப்பி போட்ட அவரே. முப்பது வயசை ஒட்டி, 1973-ல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். சி. மோகன் அவரை வைத்து ஒரு நாவலே எழுதியிருக்கிறார், படி. அந்தக் கனவைப் பார்த்து இது எந்த ஊர்ச் சரக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. உனக்கு மனசு பாரமாகும்போது ராத்திரி எத்தனை மணியானாலும் எனக்குப் போன் போடு. அதைச் சொல்லத்தான் அவர் கதையையும் எழுதினேன்.

இனி உன் படம். உன்னிடம் நான் பொய் சொன்னதில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன்.

கட்டங்கள் உன்னுடையவை. அவை அந்த மலை மூலையிலிருந்து வந்தவை. கீழே வெள்ளைக் கோட்டில் இரண்டு இரண்டாக எதிரும் புதிருமாகப் போகிறார்களே பைக் ஓட்டுகிறவர்கள், ஷிப்ட் விட்டு வருகிறவனும் ஷிப்டுக்குப் போகிறவனும், அவர்களைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பர்கூர்ப் பக்கம் மல்லப்பாடிப் பாறையில் வெள்ளையில் தீட்டியிருக்கும் குதிரைக்காரர்கள்தானே அவர்கள்? வெயிலில் ஏறிப் போய்ப் பார்த்தோம். ஒருவனுக்கு ஒருவன் ஆயுதத்தோடு எதிர்நிற்பான். உடம்பு ஒரு கோடு, கை ஒரு கோடு. நீ அவனை இறக்கி சிப்காட் ரோட்டில் விட்டிருக்கிறாய். அதைப் பார்த்தும் ஓசூர் எங்கே என்று கேட்டவருக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம் தெரியாது, அவ்வளவுதான். அடுத்த தடவை தலை குனியாமல் சொல்: இது மல்லப்பாடி, இது பாகலூர் பாலி ஹவுஸ், இது எங்கள் வீட்டு டேங்க்.

ஆனால் வலது மேல் மூலையில் ஒரு சிவப்பு அம்பு போட்டிருக்கிறாய். அதன் பக்கத்தில் ஒரு பிறை. அந்த அம்பு உன்னுடையது இல்லை பாப்பா. அது க்ளே புத்தகத்திலிருந்து நேராக வந்தது. எனக்கே தெரிகிறது என்றால் உன்னைக் கேட்டவருக்குத் தெரியாதா? அவர் சொன்ன விதம் தப்பு, எல்லார் முன்னாலும் சொன்னது இன்னும் தப்பு. ஆனால் அந்த மூலையைப் பொறுத்தவரை அவர் கண் சரிதான். அந்த இடத்தில் நீ மலையிலிருந்து பார்த்தபோது என்ன இருந்தது? எனக்கு நினைவில்லை. உனக்கும் நினைவில்லாமல்தான் அம்பை வைத்து அடைத்துவிட்டாய் என்று தோன்றுகிறது.

அதனால் ஒன்று செய். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டு. உள்ளே மடித்துச் சுருட்டினால் வெடிக்கும். பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் சாயங்காலம் மலைக்குப் போவோம், அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து வரை. தாள் சுருட்டிப் போடும் ட்யூப் ஒன்று கடையில் வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் ஷிப்டுக்குப் போகும் வழியில் கூரியரில் போடுகிறேன். வியாழனுக்குள் வந்துவிடும்.

உன் அம்மாவிடம் இதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

அன்புடன்,
உன் மாமா